மேசையைத் தட்டிய இரண்டு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் நான். காருக்குப் போகிற ரப்பர் சாமான்களைத் துடைத்து, பழுது இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் அடுக்கி அனுப்புவது எங்கள் வேலை. என்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெண்கள், பாதிப் பேர் என்னோடு மீஞ்சூரில் ரயில் ஏறுகிறவர்கள்.

இந்த பேக்கிங் லைனைத்தான் ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அது ரயிலடியிலிருந்து வெகு தூரம். கம்பெனி பஸ் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். பிள்ளைகளை எழுப்பி, சோறு கட்டி, பள்ளிக்கு அனுப்புவது யார்? லைன் போனால் எங்கள் வேலையும் போச்சு, அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் ஜப்பான்காரர், தங்கமான மனுஷர். திட்டத்தைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து கேட்டார். என்னிடம் வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெரி குட் சார்!" பின்னே? இவ்வளவு பெரிய மனுஷர் நம் இடம் தேடி வந்து மரியாதையாகக் கேட்கிறார், மூஞ்சிக்கு நேரே முடியாது என்றா சொல்வது? மெஷின்களைப் பழுது பார்க்கிற மெயின்டனன்ஸ் அண்ணன் என்னையும் மிஞ்சி "சூப்பர் சார்" என்றிருக்கிறார்.

அதே அண்ணன் கேட் எதிரே டீக்கடையில் குதித்தார். "இன்னாம்மா இது பேஜாரு! இங்க வேல செஞ்சிக்கினு இருக்கறவங்க இன்னா ஆவறது?"

"மீட்டிங் வரட்டும்ணா, அங்க வெச்சுக்கலாம்" என்றேன்.

மீட்டிங் வந்தது. மேனேஜர் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து மேசையை ஓங்கித் தட்டினேன். டீ கப்பெல்லாம் ஆடின. "எங்க புள்ளைங்கள யாரு சார் ஸ்கூலுக்கு அனுப்பறது?" என்று கத்தினேன். அதற்கப்புறம் கேட்பானேன், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

மனுஷர் வெளுத்துப் போனார். "எல்லாரும் குட் என்றீர்களே?" என்று கேட்டார், பாவம்.

மேனேஜர் பேச்சை எங்களுக்கு மொழிபெயர்க்கிற பெண் பிறகு விளக்கினாள். அவர்கள் ஊரில் சண்டை சச்சரவு எல்லாம் தனியாகக் கேட்கும்போதே முடிந்துவிடுமாம். மீட்டிங் என்பது நமக்குத் தாம்பூலம் மாற்றுகிற நாள் மாதிரி. ஐயையோ, எல்லாம் பேசி முடித்த பிறகு தட்டைத் தள்ளிவிட்ட சம்பந்தி நானா! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மேனேஜர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்கிறேன் என்றார். நான் என் பெண்களைக் கூப்பிட்டு, "இந்த வாட்டி எவளாவது குட்டுன்னு சொன்னீங்க, தொலச்சிடுவேன்" என்றேன். ஒருத்தி பாக்கியில்லாமல் கொட்டித் தீர்த்தார்கள். மெயின்டனன்ஸ் அண்ணன் அவரை நிற்க வைத்தே ஒரு பாட்டம் பேசினார். திட்டு வாங்க வாங்க மேனேஜர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. திட்டுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததேயில்லை. ஒரு நாள் காலை மீஞ்சூருக்கே வந்து எங்களோடு ரயிலில் நசுங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது மீட்டிங்கில், பெரிய திரையில் ஜப்பான் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மேனேஜர் தலை குனிந்து, பதவிசாக, லைன் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னார். நடுவில் இருந்த பெரியவர் மெல்லிய குரலில் ஏதோ பதில் சொன்னார்.

"அங்க எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிட்டாங்களாம்க்கா. இனிமே மாத்த முடியாதாம்" என்று மொழிபெயர்க்கிற பெண் என் காதில் சொன்னாள்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனேன். மேனேஜர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பிறகு அவரே எழுந்தார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். மேசையை ஓங்கி ஒரு தட்டு! தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. அந்த மனுஷருக்கு அவ்வளவு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மொழிபெயர்க்கிற பெண் வேலையை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"இவங்க புள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்பறதுன்னு கேக்கறாருக்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் இருந்த பெரியவர், மறுபடி எல்லாரையும் கேட்கிறோம் என்றார். கேட்டார்கள். லைன் இன்றைக்கும் இங்கேதான் ஓடுகிறது.

அன்றைக்குத் திரை அணைந்ததும் மேனேஜர் உட்கார்ந்து, சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சரியாகத் தட்டினேனா என்று கேட்கிற பார்வை.

"சூப்பர் சார்" என்றேன். இந்த வாட்டி மனதாரச் சொன்னேன்.