ஏரிக்கரைக் கூடாரத்துக்கு வந்த சேதி

முக்குளிப்பான் பறவைகள் நீர்ப்பாசி மேல் கூடு கட்டும் கோடைக்காலத்தில் மட்டும்தான் சுனில்தாவுக்கு வேலை. பூமியின் தென்கோடியில், படகோனியாவின் ஓர் ஆட்டுப் பண்ணையில், மேட்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, தொலைநோக்கியும் துப்பாக்கியுமாக அவற்றுக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள். மிங்க் என்கிற நீர்க்கீரி ஒன்று புகுந்தால் போதும், கூட்டத்தையே கடித்துப் போட்டுவிடும். கடற்காகங்களுக்கோ முட்டைமேல் கண். காற்று ஓயாது. பேச ஆள் கிடையாது.

சாயங்காலம் பட்டணத்து வானொலியில் தொலைதூரப் பண்ணைக்காரர்களுக்குச் சேதி வாசிப்பார்கள். யாருடைய மாமியாரோ ஆஸ்பத்திரியில், யாருக்கோ லாரி வராது. அன்று அவள் பெயர் வந்தது.

“ஏரி முகாம் சுனில்தா கார்கமோவுக்கு, கணவர் ரூபென் தெரிவிப்பது: கொமோதோரோ நகரத்துக்குப் போகிறேன். திரும்ப மாட்டேன். சாவி பக்கத்து வீட்டில்.”

அறிவிப்பாளர் அடுத்து ஒரு செம்மறிக் கிடாவைப் பற்றி வாசிக்கப் போய்விட்டார்.

அவன் போனதைவிட, சமவெளி முழுக்க அதைக் கேட்டிருக்கும் என்பதுதான் அவளைச் சுட்டது. அழுகை வரவில்லை.

மறுநாள் விடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்தபோது கடற்காகம் ஓரத்துக் கூட்டைக் காலி செய்திருந்தது. தாய்ப்பறவை வெறும் கூட்டைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. “என்னாலதான் போச்சு” என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்போதுதான் அழுகை உடைந்தது.

மத்தியானம், குன்றுக்கு அப்பாலிருக்கும் கிழட்டு மேய்ப்பர் எவரிஸ்தோ குதிரையில் வந்தார். சேணத்தின் பின்னால் சாக்கில் சுற்றிய ஆட்டுத்தொடை.

“ஒரு குதிரை தொலைஞ்சு போச்சு, சுனில்தா. இந்தப் பக்கம் பாத்தியா?”

“குதிரையைத் தேட ஆட்டுத்தொடை எதுக்கு, பெரியவரே?”

“வாசனைக்கு வரும்னு நெனச்சேன்.”

“குதிரை கறி தின்னுமா?”

“என்னோடது தின்னும். வளத்தவன் லட்சணம் அப்படி.”

சிரித்துவிட்டாள். மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “நீங்களும் கேட்டீங்கதானே?”

“ரேடியோல பேட்டரி இல்ல.” உறிஞ்சு குழலை வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார். “ஆனா அந்த அறிவிப்பாளன் பாவம், கிடாவைப் பத்திப் படிக்கறப்போ குரல் கம்மிப்போச்சு அவனுக்கு.”

அவர் கிளம்பிப் புள்ளியாக மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னைவிட ஏரி பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

அன்று பண்ணை வீட்டை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, வானொலிக்கு ஒரு சேதி அனுப்பச் சொன்னாள்: “ரூபெனுக்கு: அடுப்பை மட்டும் விட்டுட்டுப் போ. குளிர்காலம் வருது.” அவ்வளவுதான். பிறகு ஒரு நாளும் விடிந்தபின் படுக்கையில் கிடக்கவில்லை. மிச்சக் கூடுகள் பிழைத்தன. குஞ்சுகள் பெற்றோர் முதுகில் ஏறி ஏரியைச் சுற்றிவந்தன. இறகு முளைத்ததும் எல்லாம் கடற்கரைப் பக்கம் பறந்தன. அவளை ஏற்றிப்போக லாரி வந்தது.

பட்டணத்து வீட்டில் அடுப்பு இருந்தது. கட்டிலை எடுத்துப் போயிருந்தான். தரையில் போர்வை விரித்துப் படுத்தாள். சுவர்கள் அசையவில்லை, காற்றுச் சத்தம் இல்லை. தூக்கம் பிடிக்க நெடுநேரம் ஆயிற்று.