நான்காவது முறை பால்

கொடகவெல பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில், மழை விடட்டும் என்று நிற்கிறேன். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பால் பாக்கெட் கேட்கிறாள். விரல்களில் கொழுந்துக் கறை. புருஷனுக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வலிக்குக் கொடுத்த மாத்திரை பேருக்குத்தான்.

“என்னைய அனுப்பி வுட்டுருன்னு கையெடுத்துக் கும்புடுறாருங்க. டாக்டர்கிட்ட ஊசி கேட்டேன். நம்ம நாட்டுச் சட்டத்துல அது கொலைன்னுட்டாரு.”

சில நாடுகளில் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. கொடகவெலவில் நின்றுகொண்டு அதைச் சொல்லி என்ன பயன்?

“நிம்மதியாப் போகட்டும்னு சொந்தக்காரங்க வந்து மூணு தடவ வாயில பால் ஊத்தியாச்சுங்க. கஞ்சி கூட எறங்காத மனுசன், பாலை மட்டும் முழுங்கிட்டு முழிச்சிக்கிறாரு.”

இன்றைக்கு நான்காவது தடவை. கேகாலையிலிருந்து அவருடைய தம்பி வருகிறாராம்.

கடைக்கார முஸ்லிம் நானா பாக்கெட்டை நீட்டுகிறார். அவள் அதைப் புரட்டித் தேதியைத் தேடிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.

“புதுசா இருந்தா குடுங்க நானா. பழசு அவரு வயித்துக்கு ஒத்துக்காது.”