மூணாவது பாட்டுல என் தம்பி குரல்

என் முதல் ஆல்பத்துல மூணாவது பாட்டுக்காக என் தம்பி தாடை உடைஞ்சது. பாப் பாட்டு பாடுறவளுக்கு எங்க ஊர்ல என்ன மரியாதைன்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்றது. அதுக்கப்புறம் அவங்க வேற எதுவும் கேக்க மாட்டாங்க.

ஆந்திரா நகரியில எங்க தெரு முழுக்க பவர்லூம். காதுகிட்டப் போய்க் கத்தினாத்தான் பேச்சே கேக்கும். அந்தத் தொண்டையை வச்சிக்கினுதான் நான் திருப்பதியில ஒரு மாடி ஸ்டுடியோவுக்குப் பாடப் போனேன். ரிக்கார்டிங் பண்ற அண்ணன், "மெல்லப் பாடும்மா, மைக்கு செத்துப்போயிடும்"னு திட்டிக்கினே இருப்பாரு. எல்லாம் தமிழ்ப் பாட்டு. நாங்க பேசுற மாதிரியே நடுவுல நடுவுல தெலுங்கு வரும்.

மூணாவது பாட்டு நடுவுல ட்ரம்ஸ் மட்டும் ஓடுற ஒரு இடம். அங்க தம்பி குரலை வச்சோம். அது ஸ்டுடியோவுல எடுத்தது இல்ல. கங்கம்மா ஜாத்திரையில, அந்த அம்மன் திருவிழாவுல, என் போன்ல எடுத்தது.

சின்ன வயசுல அவனுக்கு அம்மை போட்டு, பிழைச்சதே பெரிசு. அந்த வேண்டுதலுக்கு வருஷா வருஷம் உடம்பெல்லாம் குங்குமம் அப்பிக்கினு, வேஷம் போட்டு, திருப்பதி தெருவுல போவான். வேஷக்காரன் எதிர்ல வர்றவனை வாய்க்கு வந்தபடி திட்டுவான். வாங்குறவன் கோவப்படக் கூடாது. கங்கம்மாவே திட்டினதா நினைச்சி கும்பிட்டுக்கணும். அந்த வருஷம் எதிர்ல வந்தவரு எங்க தெருவுக்கே நூல் குடுக்கிற வியாபாரி. மீசைக்கு மை பூசின கிழட்டு எருமைன்னு ஆரம்பிச்சி, நெசவுக்காரன் கூலியில கைவச்சித் துன்ன வாயின்னு முடிக்கிற வரைக்கும் தம்பி கிழிகிழின்னு கிழிச்சிட்டான். மனுஷன் சிரிச்சாரு. அவன் கையால குங்குமம் வாங்கி நெத்தியில வச்சிக்கினாரு. நான் போன்ல எடுக்கிறதையும் பாத்தாரு.

அவரே சிரிச்சிட்டாரு, அப்புறம் என்னன்னு நினைச்சோம். ரிலீசுக்குத் தலைமை தாங்க அவரையே கூப்பிட்டோம். அவரு நூல் குடுக்கலைன்னா எங்க நைனா தறி ஓடாது, கூப்பிடாம இருக்க முடியுமா?

நகரியில ஒரு கல்யாண மண்டபத்துல ரிலீசு. தெருவே வந்திருந்துச்சு. அவருக்கு மாலை போட்டோம், பென்டிரைவை வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு. பாட்டு போட்டோம். மூணாவது பாட்டுல தம்பி குரல் ஸ்பீக்கர்ல கிளம்பினதும் ஜனம் வயித்தைப் புடிச்சிக்கினு சிரிச்சுது. மை பூசின மீசை யாருதுன்னு எவனுக்குத் தெரியாது! அவரு மட்டும் சிரிக்கல. மெதுவா எழுந்து மாலையைக் கழட்டி நாற்காலி மேல வச்சாரு. மைக்குக்கு முன்னால வந்து நின்னாரு.

"ஜாத்திரையில திட்டினது அம்மா. இன்னிக்குத் திட்டினது நீங்க."

அவரு கூட வந்த ஆளுங்க மேடை ஏறினாங்க. ஒருத்தன் இரும்பு நாற்காலியை மடக்கி, தம்பி முகத்துலயே ஒரே அடி. தேங்கா உடைக்கிற சத்தம் கேட்டுச்சு. விழுந்தவனை மறுபடி மிதிச்சானுங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒருத்தன் மண்டையில போட்டேன், ரத்தம் அவன் சட்டையெல்லாம் ஊத்துச்சு. அதுக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படல. என் முடியைப் புடிச்சி தரதரன்னு இழுத்து மேடையிலிருந்து கீழ தள்ளினாங்க. கீழ விழுந்து கிடந்தவ கண்ணுக்கு, நைனா அந்த வியாபாரி காலைப் புடிச்சிக்கினு கெஞ்சுறது தெரிஞ்சுது. வாங்கின அடிகூட அப்படி வலிக்கல.

ஸ்டேஷன்ல, "ராஜீ படண்டி"ன்னு ரெண்டு பக்கத்தையும் சமாதானம் பேசி அனுப்பிட்டாங்க. திருப்பதி ஆஸ்பத்திரியில தம்பி தாடைக்குக் கம்பி கட்டினாங்க. ஸ்ட்ரா வச்சி கஞ்சித்தண்ணி குடிச்சிக்கினு கிடந்தான். வியாபாரிகிட்டருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான்: மூணாவது பாட்டை நெட்டுலருந்து தூக்கலைன்னா அடுத்தது கழுத்து.

"பாட்டு வேணுமா, புள்ள வேணுமா?"ன்னு நைனா கேட்டாரு.

நான் ஸ்டுடியோ அண்ணனுக்கு போன் பண்ணினேன். பாட்டைத் தூக்கியாச்சு. தம்பிகிட்ட சொல்லல. சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

கம்பி எடுத்த பிறகும் அவன் வாய் கோணித்தான் இருந்துச்சு. தண்ணின்னு சொன்னாக்கூட ரெண்டாந்தரம் கேக்கணும். தெருப் பசங்க எதிர்லயே அவன மாதிரி குழறிக் காட்டுவானுங்க. அவன் பேசுறதையே நிறுத்திட்டான். ஒரு நாள் சாப்பாட்டு நேரம், போன்ல ஆல்பத்தைப் போட்டுக்கினு உக்காந்திருந்தான். ரெண்டாவது பாட்டு முடிஞ்சி அடுத்து நாலாவது வந்துச்சு. முன்னால தள்ளினான், பின்னால தள்ளினான். என்னைப் பாத்தான்.

"அது எங்கேக்கா?"

"தூக்கிட்டேன்டா. உன் உயிருக்குத்தான்."

எழுந்து வந்து என் கன்னத்துல ஓங்கி ஒண்ணு வச்சான். கம்மல் கழண்டு விழுந்துச்சு. தம்பி என்னை அடிச்சது அதுதான் முதல் தடவை.

"என் வாய் ஒழுங்கா பேசினது..." எச்சில் ஒழுகுது, தொடச்சிக்கினு திருப்பிச் சொன்னான், "ஒழுங்கா பேசினது அதுல மட்டும்தான் இருக்கு. அதையும் நீயே புடுங்கிப் போட்டியா?"

திருப்பி அடிக்கக் கை ஓங்கிட்டேன். அவன் நகரல. கோணிப்போன தாடையை அப்படியே என் பக்கம் நீட்டிக்கினு நின்னான்.

நான் கையை இறக்கி போனை எடுத்தேன். அண்ணே, மூணாவதை மறுபடி ஏத்துங்கன்னு சொன்னேன். நைனா அதைக் கேட்டுக்கினே எழுந்து போனாரு. வாசக்கதவைச் சாத்தி குறுக்குக்கட்டை போட்டாரு.