விழிஞ்ஞம் மணலில் ஒரு செல்

பாறசாலைக்காரி ஷெமிக்கு முப்பத்தெட்டு வயது. கரமனையில் வாடகை அறை, திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் வேலை. கடலடி மண்ணில் வாழும் ஒற்றைச் செல் உயிர்களை இனம் பிரிப்பாள். சாட்டை போன்ற இழையை அசைத்து நகரும் அவற்றை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் நூறு நிற்கும். எத்தனை இழை, எது முன்னால் நீள்கிறது, எது பின்னால் இழுபடுகிறது என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும்.

அந்தப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியை ஊர் மாறிப் போனபின் அதில் ஷெமி மட்டும் மிச்சம். மற்றவர்களெல்லாம் மீன், இறால் என்று இருந்தார்கள். சாப்பிடும்போது அவர்களோடு மலையாளத்தில் சிரித்துப் பேசுவாள். காலையில் லென்ஸில் பார்த்ததைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு புட்டி மணலில் அதைக் கண்டாள். தட்டையான செல், பின்னிழை உடம்பைப்போல் மூன்று மடங்கு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஓர் அரிசி மணி போட்டு வளர்த்தாள். அரிசியில் பெருகும் பாக்டீரியாதான் அதற்குத் தீனி. மூன்று நாளைக்கு ஒருமுறை நீர் மாற்ற வேண்டியிருந்ததால், நான்கு வருடமாகக் கிறிஸ்துமஸுக்குக்கூட ஊரில் இரண்டு நாளுக்கு மேல் அவள் தங்கவில்லை. மரபணுச் சோதனையிலும் அது எதோடும் பொருந்தவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இணையத்தில் ஒரு கட்டுரை வந்தது. சிலி நாட்டுக் கடற்கரை ஒன்றில் கண்ட புதிய இனம். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று முறை படித்தாள். நுண்ணோக்கிக்கு உறையை மாட்டிவிட்டு, நான்கு மணி பஸ்ஸில் அறைக்குத் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு முந்தி ஒருத்தி கண்டுட்டா அம்மா."

"அப்பம் அத நோக்கதுக்கு ஒலகத்துல ஒனக்கு வேற ஒரு ஆளு உண்டு, இல்லியா மக்களே?" என்றாள் அம்மா எலிசாள்.

மறுநாள் ஷெமி கட்டுரை வெளியிட்ட அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த பதிலில் ஆறுதல் எதுவும் இல்லை. தங்களிடம் இருந்தவை போன மாதம் செத்துப்போயின, மறுபடி தேடியும் கிடைக்கவில்லை, உங்களுடையது பட்டினி கிடந்தால் தன்னைச் சுற்றி ஓடுபோல் உறை கட்டிக்கொண்டு உயிரைக் காக்குமா என்று கேட்டிருந்தாள்.

ஷெமி அதுவரை ஒரு குடுவையைக்கூடப் பட்டினி போட்டதில்லை. ஒன்றை எடுத்து அரிசி போடாமல் ஒதுக்கி வைத்தாள். முதல் வாரத்தில் பாதி செத்தன. அதற்குப் பிறகு பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். பத்தொன்பதாம் நாள் இழைகளைக் காணவில்லை. தடித்த ஓட்டுக்குள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன.

படமெடுத்து அனுப்பிவிட்டு, அவற்றில் சிலவற்றைப் புது நீரில் விட்டாள். இரண்டாம் நாள் பிற்பகல், பக்கத்து அறையில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் ஓடு பிளந்து ஓர் இழை வெளியே நீண்டது. ஷெமி எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.