வலையோடு வந்த தம்பி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெப்ரவரி மாதப் போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள் காலை. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தம்பியுடன் சிலாபத்திலிருந்து கற்பிட்டி நோக்கி இலங்கையின் மேற்குக் கரையோரமாகப் பயணம் செய்துகொண்டிருந்தேன். அவனுக்கு அலைச்சறுக்கில் பித்து. எனக்கோ எந்த ஊர் எப்போது தோன்றியது என்று விசாரிப்பதில். ஒரு கரையிலும் என்னால் நிலைகொள்ள முடியவில்லை. அழகான கரையில் நிற்கும்போதே மனம் அடுத்த கரைக்குப் போய்விடும்.

உடப்பைத் தாண்டி ஆளரவமில்லாத ஓரிடத்தில் இறங்கினோம். கடல் குளம்போல் கிடந்தது. அலை இல்லையே என்று அலுத்துக்கொண்ட தம்பி, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளியபடி சும்மா உள்ளே போனான். சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக விட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் இரு குழுவினர், அம்பா எனும் வலையிழுப்புப் பாட்டுக்கு ஏற்ப இழுத்தார்கள்.

காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசியது. அதனால்தான் கரையில் அவ்வளவு அமைதி. தம்பி திரும்ப முயன்றும் சிறுத்துக்கொண்டே போனபோதுதான் அது எனக்கு உறைத்தது. எனக்கு நீந்தத் தெரியாது. வலைக்காரர்களிடம் ஓடினேன்.

அவர்கள் கைகளை வீசி, "மிதவையப் பிடி! மிதவையப் பிடி!" என்று கத்தினார்கள். காற்று அவனை வலைப்பக்கமாகத்தான் தள்ளியது. கடைசியில் பலகையைக் கைவிட்டு, வலையின் மிதவைகளை எட்டிப் பிடித்துவிட்டான். நானும் கயிற்றைப் பற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

"அண்ணே, என்ன செய்றீங்க?" என்று அதட்டினார் முன்னால் நின்றவர். "ஒரு பக்கம் ஓடினா வலை கோணும். மிதவை தாழ்ந்தா அவரும் தாழ்வார்."

"வள்ளத்தை இறக்கேலாதா?"

"இறக்கப் போறதெண்டா கயித்த விடோணும். விட்டா அவரையும் கடல்தான் இழுக்கும். பாட்டோட இழுங்க."

அந்தப் பாட்டு எவ்வளவு மெதுவானது! ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளியில் கத்த வேண்டும்போல் இருந்தது. தம்பியின் தலை தெரிந்தது, மறைந்தது, மீண்டும் தெரிந்தது. எனக்குப் பின்னால் நின்றவர், "கண்ண மூடிக்கொண்டு இழுங்க அண்ணே, நல்லா வரும்" என்றார். மூடிக்கொண்டேன். கயிற்றின் சுணை உள்ளங்கையை அறுத்தது.

கால் நிலத்தில் பட்டதும் தம்பி முழந்தாளில் சரிந்தான். இருவர் தூக்கி வந்தார்கள். வலையில் கொஞ்சம் நெத்தலியும் பாசியும்தான்.

"இண்டைக்குப் பட்ட பெரிய மீன் இதுதான். என்ன, விக்கத்தான் ஏலாது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் நடுங்கிக்கொண்டே சிரித்தான். நான் மட்டும் அழுதேன்.

கயிற்றில் கை வைத்த எவருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது அங்கே வழக்கமாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, அந்தச் சொற்ப மீனிலும் இரண்டு கை அள்ளி ஒரு பையில் போட்டுத் தந்தார். வாங்கக் கூசினேன். "இழுத்தனீங்கதானே?" என்றார், அவ்வளவுதான்.

இன்றும் நான் அவசரக்காரன்தான். ஆனால் எனக்கு வேண்டியவர்கள் துன்பத்தில் தத்தளிக்கும்போது, அவர்களை உடனே மீட்டுவிடத் துடிக்கும் கைகளை அடக்கி, மற்றவர்களோடு சேர்ந்து மெல்ல இழுக்க அந்தக் கரையில்தான் பழகினேன்.