பூப்பந்துக் கையோடு டென்னிஸ் கோர்ட்டில்

1. விழ விடாத பிள்ளைகள்

"ஏம்மா ஸ்டெல்லா, பந்து ஒரு தரம் தரையில வுழட்டும்னு எத்தன தரம் சொல்றது?"

"கீழ வுழுந்துட்டா பாயிண்டு போயிடுங்களே டீச்சர்!"

"அது பால் பேட்மிண்டன்டி! இது டென்னிஸ்!"

தொண்டை வறளக் கத்திய அந்தக் காலை இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், அரூர்ப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். பூப்பந்து என்கிற பால் பேட்மிண்டன்தான் அங்கே ஊருக்கு ஊர் ஆட்டம். அந்தக் கம்பளிப் பந்து தரையைத் தொட்டால் பாயிண்ட் போச்சு. ஸ்டெல்லாவும் மாதம்மாளும் அதில் கெட்டிக்காரிகள். டென்னிஸ் என்றால் ஆபீசர்கள் வெள்ளை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுவது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு எதற்கு டென்னிஸ்? ஸ்டெல்லாவுக்காகத்தான். ப்ளஸ் டூ முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவு கட்டியிருந்தார். அவர் விவசாயி, பேச்சு மாறாத மனிதர். நான் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டதில் ஒரு படி இறங்கி வந்தார்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கெடச்சா படிக்கட்டுங்க டீச்சர். இல்லன்னா பேச்சே இல்லீங்க, கல்யாணந்தான்."

கோட்டாவுக்கு, மாவட்டத்துக்கு அடுத்த படியான டிவிஷன் அளவில் ஆடிய சர்ட்டிபிகேட் வேண்டும். பால் பேட்மிண்டனில் அந்த வருஷம் மாவட்ட செமி பைனலிலேயே கவிழ்ந்துவிட்டோம். வேறு என்ன ஆட்டம் மிச்சம் என்று அலைந்து விசாரித்தேன். டென்னிஸ் டபுள்ஸுக்கு மாவட்டம் முழுக்கப் பெயர் கொடுத்திருந்தது ஓசூர்க் கான்வென்ட் ஒன்றுதான். ஒரே ஒரு மாட்ச் ஜெயித்தால் டிவிஷன்! குறுக்கு வழிதான், ஒத்துக்கொள்கிறேன். அன்றே எங்கள் பள்ளிப் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

2. வேலி ஓரம்

தருமபுரியில் ஆபீசர்ஸ் கிளப் கோர்ட்டைக் காலை நேரத்தில் மட்டும் கொடுத்தார்கள். பழைய மர ராக்கெட் இரண்டும் கிடைத்தன. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவோம்.

பிள்ளைகள் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருவதையெல்லாம் அந்தரத்திலேயே அடித்தார்கள். டென்னிஸில் அது குற்றமில்லை, வாலி என்று அதற்குப் பெயரே உண்டு. ஆனால் எதிராளி போடும் சர்வீஸை மட்டும் தரையில் விழுந்து எழும்பிய பிறகுதான் அடிக்க வேண்டும். இவர்கள் அதையும் பாய்ந்து அடித்துப் பாயிண்டை வாரி வழங்கினார்கள். திட்டினேன், கெஞ்சினேன். கை கேட்டால்தானே!

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ கோர்ட்டுக்குள்ளயே நிக்காத! போ, பின்னாடி அந்த வேலி ஓரமா நில்லு!" என்று மாதம்மாளைத் துரத்தினேன். கோபத்தில் ஒரு சர்வீஸும் போட்டேன். அவள் வேலியிலிருந்து ஓடி வருவதற்குள் பந்து தரையில் விழுந்து, எழும்பி, அவள் கைக்கு வாகாக வந்தது. படார்! வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

ஐயோ, இவ்வளவு நாள் இது தெரியாமல் போச்சே! "இனிமே சர்வீஸ் வாங்கறப்ப வேலி, அடிச்சதும் வலை! ஓடுங்கடி!" என்று குதித்தேன். கிளப் வாட்ச்மேன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

3. மாட்ச்

ஓசூர்ப் பிள்ளைகள் வெள்ளைப் பாவாடை, வெள்ளை ஷூ. எங்களுடையது பள்ளிச் சீருடை, வெறுங்கால். ஸ்டெல்லா பால் பேட்மிண்டன் பழக்கத்தில் இடுப்புக்குக் கீழிருந்தே சர்வீஸ் போட்டாள். அவர்கள் டீச்சர் எழுந்து நின்று, "சார், இப்படிப் போடலாமா?" என்றார்.

"ரூல்ல தடையில்லீங்க மேடம்" என்றார் அம்பயர்.

ஓசூர்ப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு கேம் போனதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வலையோரம் இவர்கள் இருவரும் நின்றுகொண்டு ஒரு பந்தையும் கீழே விடவில்லையே!

ஸ்டெல்லாவின் அப்பாவும் வந்திருந்தார். இளவயதில் சர்ச் மைதானத்தில் பூப்பந்து ஆடியவர். தோளில் துண்டோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே செட் ஆட்டம்; கேம் ஐந்துக்கு நாலு, எங்களுக்கு மாட்ச் பாயிண்ட். இந்த ஒரு பாயிண்ட்டில் அவள் படிப்பு நிற்கிறது.

ஓசூர்ப் பெண் பந்தை ஸ்டெல்லாவின் தலைக்கு மேலே தூக்கி அடித்தாள். ஸ்டெல்லா அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடினாள். எட்டவில்லை. பந்து கோட்டுக்குள்ளேயே விழுந்தது.

"வுழுந்துடுச்சு! போச்சு, போச்சு!" என்று அவள் அப்பா தலையில் கை வைத்தார்.

ஸ்டெல்லா நிற்கவில்லை. எழும்பி வந்த பந்தை விட்டாள் ஓர் அடி! எதிர்ப்பக்கத்தில் இருவருக்கும் நடுவில் புகுந்து வேலியில் போய் மோதியது. ஜெயித்துவிட்டோம்! நான் மாதம்மாளைத் தூக்கிச் சுற்றினேன்.

அதற்குள் அந்த மனிதர் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார். நேராக அம்பயரிடம் போனார்.

"சார், எம் புள்ள அடிச்சது செல்லாதுங்க. பந்து கீழ வுழுந்துடுச்சுங்க, நானே பாத்தேன்."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அம்பயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு தரம் வுழலாங்க. ரெண்டாந்தரம் வுழறதுக்குள்ள அடிச்சாப் போதும்."

"அப்படீங்களா?" அவர் மகளைப் பார்த்தார். "வுழுந்த பொறவும் அடிக்கலாமா, புள்ள?"

"அடிக்கலாம்ப்பா. டீச்சர் சொன்னது இப்பத்தான் கைக்குப் புரிஞ்சுது."

டிவிஷனில் முதல் மாட்சிலேயே படுதோல்வி. போகட்டும், சர்ட்டிபிகேட் வந்துவிட்டது, சேலத்தில் சீட்டும் கிடைத்தது. இளம் பி.டி. டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையின் கைப்பழக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், நிற்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஸ்டெல்லாவை அவள் அப்பா காலேஜில் சேர்க்கப் போன அன்று நானும் கூடப் போனேன். வழியில் மனசு மாறிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் பெட்டியோடு கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, இங்க டென்னிஸ் கோர்ட்டு எந்தப் பக்கங்க?"