கடலுக்குப் போனவன் திரும்பி வாற கதை

போன சனிக்கிழமை இஞ்ச வெளிநாட்டில, அஜின்கோர்ட்டில இருக்கிற பிரின்ற் கடைக்குத் தம்பியின்ர படத்தோட போனன். நினைவு அட்டை அடிக்கோணும். பிறந்த நாளுக்கு மலர்வு, செத்த நாளுக்கு உதிர்வு எண்டுதானே நாங்கள் போடுறது? கடைக்கார அண்ணை மலர்வைக் கேட்டு எழுதினார்.

"உதிர்வு?"

அந்த நாள்தான் ஆருக்கும் தெரியாது.

துருக்கியில, ஆக்களைக் களவா அனுப்புற ஏஜென்சிக்காரர் ஏத்தின படகு. ஏறப்போறன் எண்டு தம்பி போன் எடுத்தவன். கிரீஸுக்குக் கிட்டப் படகு கவிண்டிட்டுது எண்டு தப்பின பெடியன் ஒருத்தன் சொன்னான். உடம்பு கிடைக்கேல்லை. ஒரு வருசமாச்சு, செத்த ஆளுக்குச் செய்யிற கிரியையை, அந்திரட்டியைச் செய்யுங்கோ எண்டு சொந்தக்காரர் நிக்கினம். அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா.

விசாரிச்சுக்கொண்டு வாறன் எண்டு அண்ணையிட்டச் சொல்லிப்போட்டு வந்திட்டன். ஆரிட்ட விசாரிக்கிறது... கடலிட்டயோ?

இதுக்குள்ள ஒரு புத்தகக் கதை. சிரிக்காதேங்கோ — ஒன்பதாம் வகுப்போட நிண்டவளுக்குப் புத்தகமோ எண்டு. சென் ஜேம்ஸ் ரவுணில எங்கட பில்டிங் லோண்ட்ரி ரூமில ஆரோ விட்டிட்டுப் போனது. கிரேக்க ஆக்கள் ரெண்டாயிரம் வருசத்துக்குக் கிட்ட முந்தி எழுதின நாவல்களாம். அக்காவின்ர மகள் அனு வாசிச்சு வாசிச்சுச் சொன்னாள். உடுப்புக் காய்ஞ்சதே தெரியேல்லை.

ஒரு பெடியனும் பெட்டையும் திருவிழாவில கண்டு காதல். பிறகு கப்பல், புயல், கொள்ளைக்காரர். ஆக்களைப் பிடிச்சு விக்கிறாங்கள். ஆள் செத்திட்டுது எண்டு நம்பி, உடம்பில்லாமலே கல்லறை கட்டி அழுகினம்.

"சித்தி, திஸ் இஸ் சோ எங்கட ஆக்கள்" எண்டாள் அனு.

ஓம். ராசாக்களின்ர சரித்திரத்தில ஆர் ஆரை வெண்டது எண்டிருக்கும். கடலில போன சாதாரண சனம் எதுக்குப் பயந்தது எண்டு இந்தக் கதைக்காரரெல்லோ எழுதி வைச்சிருக்கினம்! முந்தின காலத்துப் படிச்ச ஆக்கள் இதுகளைக் கணக்கிலயே எடுக்கேல்லையாம். முழுசா மிஞ்சினது ஒரு கை விரலுக்குள்ள அடங்குமாம். மிச்சம் எகிப்து மணலுக்குள்ள கிடந்த கிழிஞ்ச துண்டுகள்.

சனிக்கிழமை கடையால வந்து அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னன். ஏன் சொன்னன்? திகதி கேக்கப் பயம், வேறென்ன. கீரை ஆய்ஞ்சுகொண்டு கேட்டா.

"கடைசியில பெடியன் வந்திட்டானோ?"

"ஓம்."

"மற்றக் கதையளில?"

"எல்லாத்திலயும் வந்திடுவாங்கள் அம்மா."

அம்மாவின்ர கை நிண்டிட்டுது. ஆய்ஞ்ச கீரையைத் தள்ளி வைச்சா.

"எல்லாரும் வந்திடுவினம் எண்டா அது கதைதான் பிள்ளை. தம்பி போன் எடுத்த நாளையே உதிர்வுக்குக் குடு."

எனக்கு அப்பதான் விளங்கினது. கடல் எல்லாரையும் திருப்பிக் குடுத்திருந்தா உப்பிடி ஒரு கதையை ஆர் இருந்து எழுதப்போயினம்? கரையில பார்த்துக்கொண்டு நிண்ட சனத்துக்கெண்டு எழுதியிருக்கினம். என்ன மனசு அந்த ஆக்களுக்கு!

அட்டை அடிச்சாச்சு. அந்திரட்டி வாற கிழமை.

நேற்றுப் பின்னேரம் அம்மா மெல்லமாக் கேட்டா: "உந்தப் பெடியன் கப்பலால இறங்கி வாற இடம்... அதை இன்னொருக்காச் சொல்லு."